மனச்சோர்வு: எண்ணத்தை மாற்றுவதா, செயலை மீட்பதா?

காரைக்குடியில் இருக்கும் என் ஆச்சிக்கு மனச்சோர்வு என்று உறுதியானபோது, மாத்திரையுடன் பேச்சுவழிச் சிகிச்சையும் தேவை என்றார் மருத்துவர். எண்ணங்களை ஆராய்ந்து திருத்தும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, விட்டுப்போன செயல்களை மீட்டெடுக்கும் நடத்தைச் செயலூக்கம் ஆகிய இரண்டில், நாங்கள் பின்னதைத் தேர்ந்தோம்.

முன்னதன் தரத்தில் ஐயமில்லை. அமெரிக்க மனநல மருத்துவர் ஆரோன் பெக் 1960களில் தொடங்கிவைத்த வழி அது. ஆனால் 1996இல் உளவியலாளர் நீல் ஜேக்கப்சன் குழு அதன் உறுப்புகளைத் தனித்தனியே சோதித்தபோது, செயலூக்கப் பகுதியை மட்டும் அளித்தபோதும் முழுச் சிகிச்சைக்கு இணையான பலன் கிடைத்தது. சோர்ந்தவர் ஒதுங்குகிறார், ஒதுங்குவதால் மகிழ்ச்சி தரும் அனுபவங்கள் குறைகின்றன, அதனால் சோர்வு மேலும் கூடுகிறது. இந்தச் சுழலைச் செயலின் பக்கமிருந்து அறுப்பதே இதன் அடிப்படை.

எங்களுக்கு முடிவைத் தந்தது, சிகிச்சையை யார் அளிப்பது என்ற கேள்விதான். எண்ணங்களைத் திருத்த நீண்ட பயிற்சி பெற்ற உளவியலாளர் வேண்டும்; அதற்கு நாங்கள் வாரந்தோறும் மதுரைக்குப் போக வேண்டியிருந்தது. செயலூக்கத்தைக் குறைந்த பயிற்சி பெற்றவரும் அளிக்கலாம். இங்கிலாந்தில் 440 பேரிடம் நடந்து 2016இல் வெளியான ஆய்வில், உளச்சிகிச்சையில் தொழில்முறைப் பயிற்சி இல்லாத இளநிலைப் பணியாளர்கள் அளித்த செயலூக்கம், தேர்ந்த சிகிச்சையாளர்களின் அறிவாற்றல் சிகிச்சைக்குக் குறைந்ததாக இல்லை, செலவும் குறைவு. நமக்கு இன்னும் நெருக்கமானது கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் மனநல மருத்துவர் விக்ரம் பட்டேல் குழு 495 பேரிடம் நடத்திய ஆய்வு. உள்ளூர் மக்களிலிருந்தே தேர்ந்து பயிற்றுவிக்கப்பட்ட ஆலோசகர்கள், செயலூக்கத்தை அடிப்படையாகக் கொண்ட சில அமர்வுகளை நடத்தினார்கள். மூன்று மாதங்களில் அவர்களிடம் வந்தவர்களில் 64 விழுக்காட்டினரும், சற்று மேம்படுத்திய வழக்கமான மருத்துவக் கவனிப்பை மட்டும் பெற்றவர்களில் 39 விழுக்காட்டினரும் நோய்நிலையிலிருந்து மீண்டிருந்தனர்.

ஆச்சியின் கோடிட்ட நோட்டில் மணிவாரியாகச் செய்த வேலையும், பக்கத்தில் 0 முதல் 10 வரை மனநிலை எண்ணும் இருக்கும். ‘வளவில் (வீட்டு உள்முற்றத்தில்) படுத்திருந்தேன், 2’, ‘கொட்டானுக்கு (ஓலைக்கூடைக்கு) ஓலை கிழித்தேன், 5’ என்று ஆச்சி கைப்பட எழுதிய வரிகளைப் பார்த்துத்தான், அடுத்த வாரத்துக்கு எந்த வேலையை, எத்தனை மணிக்கு வைப்பது என்று ஆலோசகர் தீர்மானித்தார். மனம் வந்தபின் செய்வதன்று, குறித்த நேரத்தில் செய்வதே விதி. ஓலை வேலை பிடிக்காதவருக்கு வேறொன்று வேண்டும். மற்றவர் விருப்பத்தை நோட்டில் திணித்தால் பயனில்லை.

மாத்திரை நின்றபின் இது எவ்வளவு காலம் தாங்கும் என்பதற்கு எங்கள் அனுபவம் போதாது, ஏனெனில் ஆச்சி இன்னும் மாத்திரை எடுக்கிறார்கள். அதை நிறுத்துவதும் குறைப்பதும் மருத்துவர் முடிவு. சாகும் எண்ணம் இருப்பவரை நோட்டை நம்பி விடாமல், உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸின் இலவச எண் 14416இல் தமிழிலும் பேசலாம்.