நாய்க்கு ஸ்நாக்ஸ் செய்ய கத்துத்தர்றேன்னு 268 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வாங்கிட்டு ஏமாத்திட்டாங்க, பாத்து இருங்க

நேத்து ராத்திரி தூங்கவே இல்ல, இன்னும் கோவம் அடங்கல. சிங்கப்பூர்ல நாய் வளக்கிற நம்ம ஆளுங்க தயவுசெஞ்சு இத முழுசா படிங்க. என்னென்ன பாத்து வாங்கணும், வீட்டுலயே எப்படி செய்யலாம்னு கடைசில எழுதுறேன்.

எங்க லட்டுக்கு ஒன்பது வயசு. தத்தெடுத்த நாய், சிங்கப்பூர் ஸ்பெஷல்னு சொல்வாங்கள்ல, இங்கத்த கலப்பின நாய், அதான். மூணு மாசமா சொறிஞ்சு சொறிஞ்சு வயித்துல முடியே இல்ல. டாக்டர் பாத்துட்டு கடையில விக்கிற கலர் பிஸ்கட்ட எல்லாம் நிறுத்துங்க, கொஞ்ச நாளைக்கு ஒரே ஒரு பொருள்ல செஞ்சதா குடுத்து பாருங்கன்னார். சக்கரவள்ளிக்கிழங்கு, மீன் அந்த மாதிரி. வேலைக்குப் போற எனக்கு தினமும் செய்ய முடியாது, காய வச்சு டப்பால போட்டுக்கலாம்னு நெனச்சேன். ஆனா இங்க இருக்கிற ஈரக்காத்துல சும்மா வச்சா பூஞ்சைதான் புடிக்கும், அதான் காய வைக்கிற மெஷின் தேடினேன்.

பழசு புதுசு எல்லாம் விக்கிற ஒரு ஆப்புல பாத்தேன். மெஷின், ரெசிபி புக்கு, ரெண்டு மணி நேரம் ஆன்லைன்ல நேரடி கிளாஸ், எல்லாம் சேத்து 268 வெள்ளி. நான் மெசேஜ் போட்டதும் விக்கிற பொண்ணுகிட்ட இருந்து தமிழ்லயே வாய்ஸ் மெசேஜ் வருது. "அக்கா, என் நாயும் இதே மாதிரி தோல் பிரச்சினைல கஷ்டப்பட்டுச்சுக்கா, அதுக்காகத்தான் நானே கத்துக்கிட்டேன், லட்டு போட்டோ அனுப்புங்கக்கா"ன்னு. அனுப்பினேன். முடி கொட்டின எடத்த பாத்து அழுகையா வந்துச்சுன்னு சொன்னா. அந்த ஒரு வார்த்தைலதான் நம்பிட்டேன். என் புள்ள மாதிரி இருக்கிற நாய் மூணு மாசமா படுற வேதனைய வேற யாரும் அப்படி கேட்டதில்ல. ஆப்புல கட்டினா கமிஷன் போயிடும்கா, பேநவ்ல (போன்லயே பேங்குக்கு நேரா பணம் அனுப்புறது) பண்ணிடுங்கன்னா. தேக்கா மார்க்கெட்ல மீன் வாங்க நின்ன எடத்துலயே 268 வெள்ளிய அனுப்பிட்டேன். வீட்டுக்காரர் பக்கத்துல நின்னு, "பொருள் கைக்கு வரட்டும், அப்புறம் குடு"ன்னார். கேக்கல.

வந்து சேர மூணு வாரம் ஆச்சு. யாரோ பாவிச்ச பழைய மெஷின், ரெண்டு முள்ளு பிளக்கு, ஒரு தட்டு விரிசல், சூட்ட கூட்டி கொறைக்க ஒண்ணுமே இல்ல, ஆன் ஆஃப் மட்டும்தான். கோழிய இதுல எப்படி காய வைக்கிறது? உள்ள 74 டிகிரி வரைக்கும் சூடு ஏறலன்னா சால்மோனெல்லா கிருமி செத்துடுச்சுன்னு நம்ப முடியாது, நாய்க்கு மட்டும் இல்ல, தொட்டு செய்யற நமக்கும் நோய் வரலாம். நேரடி கிளாஸ்னு சொன்னது பதினோரு நிமிஷ வீடியோ, பேச்சு சத்தமே இல்ல, பாட்டு மட்டும்.

இதெல்லாம் கூட போகட்டும். அந்த ரெசிபி புக்க தொறந்து பாத்தப்பதான் எனக்கு ஒடம்பே பதறிடுச்சு. ஓட்ஸ் பிஸ்கட்டுக்கு ஒரு கை கிஸ்மிஸ் போடணுமாம்! திராட்சையோ கிஸ்மிஸோ கொஞ்சம் தின்னாலே சில நாய்க்கு கிட்னி போயிடும், எந்த நாய்க்கு எவ்வளவுல ஆகும்னு யாராலயும் சொல்ல முடியாது. மீன் பிஸ்கட்டுக்கு வெங்காயத் தூளும் பூண்டுத் தூளும், அது ரெண்டும் நாயோட ரத்தச் சிவப்பணுவ அழிக்கும். இன்னொரு பக்கத்துல சர்க்கரை இல்லாத பீனட் பட்டர் வாங்கவும்னு போட்டிருக்கு, சர்க்கரைக்கு பதிலா அதுல சைலிட்டால் இருந்துச்சுன்னா நாய்க்கு சுகர் சட்டுன்னு எறங்கி உயிருக்கே ஆபத்து. நான் படிக்காம அப்படியே செஞ்சு குடுத்திருந்தா லட்டு இன்னைக்கு இருந்திருக்குமா? இதுக்கா நான் 268 வெள்ளி குடுத்தேன்?

உடனே போன் பண்ணினேன், எடுக்கல. மறுநாள் மெசேஜ், "என் நாய் அதான் சாப்பிடுது, ஒண்ணும் ஆகலக்கா". பணத்த திருப்பிக் குடும்மான்னா மாமியார் ஆஸ்பத்திரில இருக்காங்க, அடுத்த வாரம் பேசறேன்னா. அடுத்த வாரம் கேட்டா புக்குக்கும் வீடியோவுக்கும் ரீஃபண்ட் கிடையாதுன்னா. அப்ப மெஷினுக்குன்னு கேட்டதுக்கு, "ஓவரா பண்ணாதீங்க ஆண்ட்டி". காசு வாங்குற வரைக்கும் அக்கா, அப்புறம் ஆண்ட்டி. அதோட பிளாக். ஆப்புக்காரங்ககிட்ட மூணு தடவ எழுதினேன், மூணு தடவயும் ஒரே பதில், பணம் எங்க வழியா வரல, நாங்க ஒண்ணும் செய்ய முடியாது. புத்தகத்துல இருக்கிற கிஸ்மிஸ் விஷயத்த பத்தி எழுதினதுக்கு ஒரு வரி பதில் கூட இல்ல, அந்த விளம்பரம் நேத்து வரைக்கும் அப்படியேதான் இருக்கு. ஸ்மால் கிளைம்ஸ்ல, அதாவது சின்னத் தொகை வழக்குக்கான தீர்ப்பாயத்துல போடலாம், ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும், ஆனா அவ வீட்டு அட்ரஸ் என்கிட்ட இல்ல, ஒரு போன் நம்பர்தான் இருக்கு. 268 வெள்ளி.

வேலைக்கு நேரமாச்சு, சுருக்கமா சொல்லிடறேன். ஆப்புக்கு வெளிய காசு அனுப்பாதீங்க. தமிழ்ல அக்கா அக்கான்னு பேசினா நம்பிடாதீங்க. பழைய மெஷின்னா நேர்ல போயி ஓடவிட்டு பாத்து வாங்குங்க. சந்தேகம்னா காசு அனுப்பறதுக்கு முன்னாடியே மோசடி உதவி எண் 1799க்கு அடிச்சு கேளுங்க. ரெசிபில கிஸ்மிஸ், வெங்காயம், பூண்டு, சாக்லேட், சைலிட்டால் எது இருந்தாலும் தூக்கி போடுங்க. இப்போதைக்கு லட்டுக்கு சக்கரவள்ளிக்கிழங்க உப்பில்லாம ஆவில வேக வச்சு சின்னச் சின்னதா நறுக்கி ஃபிரிட்ஜ்ல வச்சு குடுக்கிறேன், ஒரு நாளைக்கு நாலஞ்சு துண்டு, அதுக்கு மெஷினே வேணாம்.

இதே மாதிரி மெஷின் கிளாஸ்னு வாங்கி ஏமாந்தவங்க வேற யாராவது இருந்தா எனக்கு எழுதுங்க, சேந்து புகார் குடுக்கலாம்.