சான்சேர், ஷாப்லி, அல்சாஸ்: கோஷர் வெள்ளை ஒயினுக்கு எந்த மண் ஏற்றது?

பிரான்சின் கோஷர் (யூத சமய உணவு விதிகளுக்கு உட்பட்ட) வெள்ளை ஒயின்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முனைபவர், திராட்சையின் பெயரையும் விளைந்த ஆண்டையும் பார்ப்பதற்கு முன்பே, புட்டியின் சீட்டில் 'மெவுஷால்' என்ற குறிப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். யூத சமயச் சட்டப்படி, திராட்சை நசுக்கப்படும் நேரம் தொடங்கிப் புட்டி அடைக்கப்படும் வரை, சனிக்கிழமை ஓய்வுநாளை முறையாகக் கடைப்பிடிக்கும் யூதர்கள் மட்டுமே அந்த ஒயினைக் கையாளலாம். புட்டி திறக்கப்பட்ட பிறகும் யூதரல்லாத ஒருவர் எடுத்து ஊற்றினால் அது கோஷர் தகுதியை இழந்துவிடும். சூடாக்கப்பட்ட ஒயினுக்கு மட்டும் இந்தக் கட்டுப்பாடு இல்லை, அதுவே மெவுஷால். எவ்வளவு சூடு வேண்டும் என்பதில் ரபிகள் என்ற யூத சமய அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு என்றாலும், ஏறத்தாழ 80 முதல் 90 பாகை செல்சியசு வரை சில நொடிகளில் ஏற்றி உடனே குளிர்விப்பதே இன்றைய வழக்கம்.

இஸ்ரேலில் ஏழாண்டுக்கு ஒருமுறை நிலத்துக்கு ஓய்வு தரும் விதி பிரெஞ்சு நிலத்துக்குப் பொருந்தாது. ஆகவே சமயச் சட்டம் இங்கே பெரும்பாலும் தோட்டத்தைத் தொடுவதில்லை, நிலவறையைத்தான் தொடுகிறது. வழக்கமான ஒயினைச் செய்யும் பண்ணையே கோஷருக்கெனத் தனித் தொட்டிகளை ஒதுக்குவது பிரான்சில் பரவலான முறை. அந்தத் தொட்டிகளின் குழாய்கள் முத்திரையிடப்படுகின்றன. தலைமுறைகளாக ஒயின் செய்துவரும் பண்ணையாளர் அருகில் நின்று சொல்ல மட்டுமே முடியும், செய்பவர்கள் சமய மேற்பார்வைக் குழுவினர். விலங்கு ஜெலட்டினும் பாற்புரதமான கேசீனும் விலக்கப்படுவதால், ஒயினைத் தெளிய வைக்கப் பெண்டோனைட் என்ற களிமண் போன்றவை பயன்படுகின்றன. நிலவறையில் எவ்வளவு குறைவான வேலை தேவைப்படுகிறதோ, அவ்வளவுக்கு அந்த மண்ணின் குணம் இந்த ஏற்பாட்டில் சேதமின்றித் தப்புகிறது என்பதே மூன்று பகுதிகளையும் ஒப்பிடும்போது நான் கைக்கொள்ளும் அளவுகோல்.

அந்த அளவுகோலில் சான்சேர் முன்னே நிற்கிறது. லுவார் ஆற்றின் இடது கரையில் ஒரு குன்றின் மேலும் அதைச் சுற்றிலும் அமைந்த இப்பகுதியின் வெள்ளை ஒயின் 1936-இல் தோற்றப்பெயர் உரிமை (விளைந்த பகுதியின் பெயரைச் சட்டப்படி தாங்கும் உரிமை) பெற்றது. சோவிஞோன் பிளாங் ஒன்றே இதற்குரிய திராட்சை. சுண்ணாம்புக் களிமண், சுண்ணாம்புச் சரளை, தீக்கல் என்ற மூன்று வகை மண்ணும் மூன்று வகைச் சுவையைத் தருகின்றன. தீக்கல் நிலத்தில் விளைந்ததில் புகை கலந்த ஒரு கூர்மையை நன்றாகவே உணரலாம். பெரும்பகுதி எஃகுத் தொட்டியில் நொதித்து, அடுத்த ஆண்டே புட்டிக்குள் போய்விடுவதால், மேற்பார்வைக் குழுவின் வேலையும் விரைவில் முடிகிறது. ஆனால் சோவிஞோனின் மணம் மென்மையானது. சூடாக்கினால் அதன் புத்துணர்வு மங்கிவிடும் என்பதே என் கருத்து. சான்சேரை மெவுஷால் அல்லாத வடிவில் வாங்குவதே முறை.

பர்கண்டியின் வடகோடியிலுள்ள ஷாப்லி இதற்கு நேர் போட்டி. சான்சேரின் சுண்ணாம்புக் களிமண்ணும் ஷாப்லியின் சிறந்த சரிவுகளும் கிம்மரிட்ஜியன் என்ற பழம் புவியியல் காலத்துக் கடற்படிவின் தொடர்ச்சியே. ஷாப்லியில் அந்த மண்ணில் சின்னஞ்சிறு சிப்பிகளின் புதைபடிவங்கள் நிறைந்து கிடக்கின்றன. அங்கே திராட்சை ஷார்தோனே. 1938-இல் தோற்றப்பெயர் உரிமை பெற்ற இப்பகுதியில், ஸெரேன் ஆற்றின் வலக்கரைச் சரிவில் 'கிராண்ட் குரு' என்ற மிக உயர்ந்த தரம் பெற்ற ஏழு தோட்டங்கள் உள்ளன. வடக்கே வெகுதூரம் தள்ளியிருப்பதால் வசந்தகால உறைபனி இதன் தீராத பகை. 2021 ஏப்ரலிலும் அது கடுமையாகத் தாக்கியது. யூத மரபோடு இந்த வட்டாரத்துக்கு ஒரு நெருக்கமும் உண்டு: யூத சமயச் சட்ட நூலான தல்மூதின் பேருரையாசிரியரான ராஷி (1040–1105) வாழ்ந்த துருவா நகரம் ஷாப்லிக்கு வடகிழக்கே, அதிகத் தொலைவில்லாத இடத்தில்தான் இருக்கிறது. ஆனால் ஷாப்லி ஒயினில் மாலிக் அமிலத்தை லாக்டிக் அமிலமாக மாற்றும் இரண்டாம் நொதிப்பு நிகழ்வதும், ஈஸ்டின் வண்டலோடு மாதக்கணக்கில் கிடப்பதும் வழக்கம். உயர்தரத் தோட்டங்களின் ஒயின் பீப்பாய்க்குள்ளும் போகிறது. அத்தனை மாதங்களும் பண்ணையாளரின் கை விலகியே இருக்க வேண்டும். இந்தச் சுமை விலையில் ஏறுகிறது. சாதாரண ஷாப்லி அந்த விலைக்கு எப்போதும் ஈடு கொடுப்பதில்லை.

உணவு மேசையிலும் ஷாப்லிக்கு ஓர் இழப்பு உண்டு. அதன் பேர்போன துணையான சிப்பி கோஷர் உணவன்று. சான்சேருக்கோ பக்கத்து ஊரான ஷாவிஞோலின் ஆட்டுப்பால் சீஸ் இருக்கிறது; கோஷர் சான்றுள்ள ஆட்டுப்பால் சீஸ் கிடைத்தால், இறைச்சி கலவாத பாலுணவு விருந்தில் அந்த இணையை அப்படியே அனுபவிக்கலாம்.

ஜெர்மனி எல்லையை ஒட்டிய அல்சாஸின் கதை வேறு. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் நாட்டின் யூதர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் அங்கேதான், பெரும்பாலும் சிற்றூர்களில் வாழ்ந்தார்கள். அதனால் ஒயினோடு சேர்த்துண்ண ஒரு யூதச் சமையலும் அங்கே வளர்ந்திருக்கிறது: பார்ஸ்லிக் கூழில் குளிர வைத்த கெண்டை மீனுக்கு அல்சாஸ் ரீஸ்லிங்கைவிடப் பொருத்தமான ஒயின் எனக்குத் தெரியவில்லை. வோஸ்ஜ் மலைகள் மழையைத் தடுப்பதால் பிரான்சின் வறண்ட இடங்களில் அங்குள்ள கொல்மார் நகரமும் ஒன்று. திராட்சை நிதானமாக முதிர்கிறது. அறுவடை வேளையில் குறுக்கிடும் சிக்கலையும் இங்கே குறிப்பிட வேண்டும். யூதப் புத்தாண்டும் யோம் கிப்பூர் என்ற நோன்பு நாளும் கூடாரப் பண்டிகையும் செப்டம்பர், அக்டோபரில் வருகின்றன. பண்டிகை நாட்களிலும் ஓய்வுநாளிலும் குழு வேலை செய்யாது. செப்டம்பரில் பழுத்துவிடும் ஷாப்லியின் ஷார்தோனேயை நாள் தவறாமல் பறித்தாக வேண்டும். அக்டோபர் வரை கொடியில் தாங்கக்கூடிய கெவுர்ட்ஸ்ட்ராமினர் என்ற அல்சாஸ் திராட்சை ஓரளவு காத்திருக்கும்.

ரோஜாவும் லிச்சிப் பழமும் மணக்கும் கெவுர்ட்ஸ்ட்ராமினரின் வாசம் அழுத்தமானது என்பதால் சூட்டையும் மற்றவற்றைவிட நன்றாகத் தாங்குகிறது. யூதரல்லாத பணியாளர்கள் பரிமாறும் திருமண விருந்துக்கோ உணவகத்துக்கோ மெவுஷால் தவிர்க்க முடியாதது என்றால், சான்சேரைத் தேடாமல் இதையே வாங்கலாம். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: சீட்டில் 'செக்' என்றிருந்தால் இனிப்பற்றது, 'முவாலே' என்றிருந்தால் நல்ல இனிப்பு; மீனுக்கு முதலாவதையும், உணவு முடிந்தபின் பழத்தோடு பருக இரண்டாவதையும் எடுக்கலாம்.