விளைக்கு ஆன்லைன் போட்ட விலை

அம்மா போன பிறகு, கன்னியாகுமரி மாவட்டத்தில் கேரள எல்லையை ஒட்டிய களியக்காவிளை வீட்டை விற்றுப் பங்கு பிரிப்பதென்று முடிவானது. 11 சென்ட் விளை (எங்கள் பக்கம் தோட்ட நிலத்துக்கு அதுதான் பெயர்), பழைய ஓட்டு வீடு, கிணறு, நாலு தெங்கு. டல்லாஸில் இருக்கும் அண்ணன்தான், "எதுக்குடே புரோக்கர்? ஆன்லைன்ல போடு, விலை வந்துரும்" என்றார். காலையில் காபியோடு தன் வீட்டு விலையை, வீடுகளுக்கு மதிப்புச் சொல்லும் அமெரிக்கத் தளமான ஜில்லோவில் பார்க்கிறவர் அவர்.

சரி என்று, இலவசமாக மதிப்புச் சொல்லும் தளம் ஒன்றில் விவரம் கொடுத்தேன். லிஃப்ட் உண்டா, ஜிம் உண்டா, நீச்சல் குளம் உண்டா என்று கேட்டது. கிணற்றைக் கேட்கவில்லை. சென்ட் போட இடமே இல்லை. 435.6-ஆல் பெருக்கி 4,792 சதுர அடி என்று போட்டேன். போன் நம்பரை வாங்கிக்கொண்டு 78 லட்சம் என்றது. அண்ணனுக்கு அனுப்பும் முன் மேப்பைப் பார்த்தால், எங்கள் வீடு எல்லை தாண்டி கேரளத்துப் பாறசாலையில் நிற்கிறது! புள்ளியை இழுத்து இந்தப் பக்கம் விட்டேன். 61 லட்சம். விரல் அரை அங்குலம் நகர்ந்ததில் 17 லட்சம் போச்சு.

அமெரிக்காவில் வீடு விற்ற விலை பெரும்பாலான மாநிலங்களில் பொதுப் பதிவில் கிடக்கிறது. அப்படியும், விற்பனைக்கு வராத வீடுகளில் பாதிக்கு ஏறத்தாழ 7 சதவீதத்துக்கு மேல் பிசகும் என்று ஜில்லோவே சொல்கிறது. விலையைக் கணித்து வீடுகளைத் தானே வாங்கி விற்கும் தொழிலில் இறங்கி, கணிப்புப் பிசகி 2021 நவம்பரில் அதை மூடுவதாக அறிவித்த நிறுவனமும் அதுதான். இங்கே பத்திரத்தில் எழுதுவது ஒன்று, கைமாறுவது இன்னொன்று என்பது ஊரறிந்த கதை. இதில் தளம் எதை வைத்துக் கணக்குப் போடும்? விளம்பரத்தில் ஆசைப்பட்டுப் போட்ட விலையைத்தான். பதிவுத்துறைத் தளத்தில் அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பு கிடைக்கும். அது முத்திரைத்தாள் செலவைக் கணக்குப் பார்க்க உதவும், அவ்வளவுதான். 2017-ல் அதை ஒரே அடியாக 33 சதவீதம் குறைத்தார்கள், அதற்காக எந்த விளைக்காரரும் விலையைக் குறைத்துச் சொன்னதாக நான் கேள்விப்படவில்லை.

கடைசியில் புரோக்கர் அண்ணாச்சியைத்தான் கூப்பிட்டேன். வீட்டுக்குள் நுழையவே இல்லை. முதலில் வழியில் நின்று இரண்டு கையையும் விரித்துப் பார்த்தார். "ஆறடி. டெம்போ கேறாது." கிணற்றில் ஒரு கல்லைப் போட்டுச் சத்தம் கேட்டார். மதிலுக்கு மேல் எட்டி, "பக்கத்து விளையில கல்லறை இருக்கா?" என்றார். இருந்தது. "சென்டுக்கு மூணரை. வீட்டுக்குத் தனியா ஒண்ணும் கிடைக்காது, வாங்குறவன் இடிக்கத்தான் செய்வான்." ஆக 38½ லட்சம்.

தளத்துக்கு ஐந்தில் ஒரு நட்சத்திரம். மேப்பில் புள்ளியை நகர்த்த விட்டதற்கு அது.

விளை 41-க்கு முடிந்தது. வாங்கியவர் முன்விளைக்காரர். அவர் விளை ரோட்டை ஒட்டியது. எங்களுடையதையும் சேர்த்துக்கொண்டால் ஆறடி வழி அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. பத்திரம் முடிந்து ஐந்து மாதமாகிறது. வீட்டின் பேரில் கடன் வேண்டுமா என்று எனக்கு இன்னும் போன் வருகிறது. மதிப்பு 61 லட்சமாம்.