ஹிதோட்சுபாஷியா, கோபேயா, ஒதாருவா?

ஜப்பானில் வணிகமும் பொருளாதாரமும் படிக்க நல்ல தேசியப் பல்கலைக்கழகம் எது என்று கேட்டால், பலர் ஹிதோட்சுபாஷி என்பார்கள். கூடவே கோபேயையும் ஒதாருவையும் பார்க்காமல் முடிவெடுப்பது அவசரம். மூன்றும் அரசு நடத்திய உயர் வணிகப் பள்ளிகளாக இருந்தவை. 1949-இல் பாதை பிரிந்தது: கோபே வேறு கல்லூரிகளோடு சேர்ந்து பெரிய பல்கலைக்கழகமானது, மற்ற இரண்டும் தனியாகவே நின்றன. ரேங்க் பட்டியலைவிட இந்தப் பிரிவுதான் தேர்வு செய்ய உதவும் என்பது என் கட்சி.

இணைப்பு என்றாலே ஹிதோட்சுபாஷிக்கு ஆகாது. 1875-இல் மோரி அரினோரி தோக்கியோவின் கின்சாவில், மீன் கலந்த மிசோ (புளித்த சோயா விழுது) விற்கும் கடையின் மாடியில் தொடங்கிய சிறு பள்ளி அது. 1909-இல் அதன் உயர்படிப்பைத் தோக்கியோ இம்பீரியல் பல்கலைக்கழகத்துக்குள் கரைக்க அரசு பார்த்தபோது, மாணவர்கள் கூண்டோடு விலகுவதாக அறிவித்துவிட்டார்கள். ஷிபுசாவா எய்ச்சி போன்ற தொழிலதிபர்கள் நடுவில் புகுந்து பேசியபிறகே திரும்பி வந்தார்கள். (இன்றைய 10,000 யென் நோட்டில் இருப்பவர் அதே ஷிபுசாவாதான்.) 1920-இல் அது வணிகப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. 1923 நிலநடுக்கத்தில் கட்டடங்கள் போக, நடுத் தோக்கியோவின் ஹிதோட்சுபாஷிப் பகுதியில் இருந்த வளாகம் மேற்கே குனிதாச்சிக்கு நகர்ந்தது.

அந்தப் பிடிவாதத்தின் பலன் வகுப்பறையில் தெரிகிறது. மருத்துவம், பொறியியல் எதுவும் கிடையாது. வணிகம், பொருளாதாரம், சட்டம், சமூகவியல் என்ற நான்கு புலங்களோடு 2023-இல் சமூகத் தரவு அறிவியல் சேர்ந்தது, அவ்வளவுதான். 'செமி' என்ற சிறு குழு வகுப்பு கட்டாயம். ஒரே பேராசிரியரிடம் சிலர் மட்டும் உட்கார்ந்து படித்து, விவாதித்து, ஆய்வேடு எழுதியாக வேண்டும். ஒளிந்துகொள்ள இடமில்லை. நுழைவுத் தேர்வும் அப்படித்தான்: கலைப் பிரிவு மாணவர்களுக்கே கணக்கு கடினம், உலக வரலாற்றுத் தாளில் 400 எழுத்துக் கட்டுரைகள் மூன்று.

கோபே 1902-இல் பிறந்தது. 1949-இல் ஜப்பானின் முதல் மேலாண்மைப் புலத்தைத் தொடங்கிய இடம் என்பதால், நிறுவன மேலாண்மை ஆய்வில் ஹிதோட்சுபாஷிக்கு நேர்ப் போட்டி இதுதான். ரொக்கோ மலைச் சரிவில் வளாகம், கீழே ஒசாகா வளைகுடா. நோபல் பெற்ற யமனாகா ஷின்யா மருத்துவம் படித்ததும் இங்கேதான். பக்கத்து மேசையில் பொறியியல், மருத்துவ மாணவர்கள் வேண்டும் என்பவர்களுக்கு இது பொருந்தும். ஆனால் வணிகம் இங்கே பல புலங்களில் ஒன்று. ஹிதோட்சுபாஷியில் அதுதான் வீட்டின் நடுக்கூடம்.

ஒதாரு வடக்குத் தீவான ஹொக்கைதோவில், பனி கொட்டும் துறைமுக ஊர். வளாகத்துக்கு ஏறும் சாலைக்கே 'நரகச் சரிவு' என்று பெயர்! இன்றும் பெயரில் 'வணிகம்' வைத்திருக்கும் ஒரே தேசியப் பல்கலைக்கழகம், இருப்பதும் ஒரே புலம். பாட்டாளி இலக்கிய எழுத்தாளர் கொபயாஷி தகிஜி இங்கே படித்து வங்கி வேலைக்குப் போனவர் என்பது எனக்கு எப்போதும் வியப்பு. 2022-இல் இது வேளாண், பொறியியல் பல்கலைக்கழகங்கள் இரண்டோடு ஒரே நிர்வாக அமைப்பின் கீழ் வந்தது.

சரி, செலவு? தேசியப் பல்கலைக்கழகங்களுக்கான நிலையான ஆண்டுக் கட்டணம் 535,800 யென். ஹிதோட்சுபாஷி 2020-இல் சேர்ந்தவர்களிலிருந்து அதை 642,960 ஆக்கிவிட்டது. தோக்கியோ வாடகையையும் கூட்டினால் ஒதாருவோடு இடைவெளி இன்னும் பெரிதாகும்.

விவாதம் பிடித்தவர், கணக்கில் தடுமாறாதவர் ஹிதோட்சுபாஷிக்கு முயலலாம். மேலாண்மை ஆய்வுதான் குறி என்றால் நான் கோபேயை முதலில் வைப்பேன். கையில் காசு குறைவு, குளிர் பரவாயில்லை என்பவருக்கு ஒதாரு. மூன்றிலும் இளநிலைக்கு ஜப்பானிய மொழி வேண்டும். அது இல்லாமல் எம்.பி.ஏ. படிக்க நினைப்பவருக்கு ஹிதோட்சுபாஷியின் ஆங்கிலவழிப் படிப்பு 2000 முதல் இருக்கிறது. அது நடப்பது குனிதாச்சியில் அல்ல, அந்தப் பெயரைத் தந்த பழைய ஹிதோட்சுபாஷிப் பகுதியிலேயே.