மோகன் பகான் ஆட்டத்துக்குப் பிள்ளையோடு: நெல்லையிலிருந்து போய்வரும் வழி

வெளிநாட்டிலிருந்து லீவுக்கு ஊருக்கு வந்திருக்கும் நாட்களில் ‘சென்னையின் எஃப்சி’ கால்பந்து அணி தன் ஊரில் கொல்கத்தாவின் மோகன் பகானோடு மோதினால், முதலில் பார்க்க வேண்டியது ஆட்டம் தொடங்கும் நேரம். மாலை 5 மணியா, இரவு 7.30 மணியா என்பதை வைத்துத்தான் மற்ற எல்லாமே. 45 நிமிடமாக இரண்டு பாதி, நடுவில் 15 நிமிட இடைவேளை, கடைசியில் சேர்க்கும் நிமிடங்கள் எல்லாம் கூட்டினால் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். 5 மணி ஆட்டம் என்றால் ஏழு மணிக்கு வெளியே வந்து, எட்டரை மணிக்கு மேல் எழும்பூரிலிருந்து புறப்படும் நெல்லை எக்ஸ்பிரஸை அவசரமில்லாமல் பிடிக்கலாம். தென்காசிப் பக்கத்து ஆட்களுக்குப் பொதிகை எக்ஸ்பிரஸ் இருக்கிறது, அது நெல்லைக்கு முன்னதாகவே கிளம்பும் என்பதால் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். 7.30 ஆட்டத்தில் கடைசி விசில் ஊதும்போது இரண்டு வண்டியும் போயிருக்கும். அன்றைக்கு எழும்பூரில் அறை எடுத்தே ஆக வேண்டும். தூங்கி விழும் பிள்ளையை இழுத்துக்கொண்டு கோயம்பேடு, கிளாம்பாக்கம் என்று பஸ் தேடி அலைய வேண்டாம். எழும்பூர் நிலைய வேலைகளுக்காகச் சில வண்டிகளைத் தாம்பரத்துக்கு மாற்றுவதுண்டு, டிக்கெட்டில் எந்த நிலையம் போட்டிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

போகும்போது வந்தே பாரத் நல்லது. காலை ஆறு மணி வாக்கில் ஜங்ஷனில் ஏறினால் பிற்பகல் இரண்டு மணிக்குள் எழும்பூர். முந்தின இரவே கிளம்பினால் பகல் முழுக்க வெயிலில் அலைந்து, ஆட்டம் தொடங்குமுன்னே பிள்ளை சோர்ந்துவிடும்.

ரயில் டிக்கெட்டில் வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் இரண்டு இடத்தில் தடுக்கி விழுகிறார்கள். 5 வயது நிறைந்து 12 நிறையாத பிள்ளைக்குத் தனிப் படுக்கை கேட்காவிட்டால் அரைக் கட்டணம். ஆனால் நாற்காலி வகுப்பில் அந்தச் சலுகை கிடையாது, முழுக் கட்டணம்தான். அடுத்தது தத்கால், அதாவது பயணத்துக்கு முந்தின நாள் எடுக்கும் அவசர டிக்கெட். 2025 ஜூலை முதல் ஆதார் இணைத்த கணக்கில்தான் ஆன்லைனில் தத்கால் எடுக்க முடியும். ஆதார் இல்லாதவர்கள் ஊரில் இருக்கும் சித்தப்பா, மாமா கணக்கில் எடுக்கச் சொல்லலாம். ஏசிக்குக் காலை 10 மணி, மற்றதற்கு 11. பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி இருக்கட்டும், பரிசோதகரிடம் காட்டுவது அதைத்தானே.

ஆட்ட டிக்கெட் எடுக்க இந்திய செல்பேசி எண்ணுக்கு ஓடிபி வரும். வெளிநாட்டு கார்டு பல நேரம் பணம் கட்டும் இடத்தில் நின்றுவிடும். வெளிநாட்டில் வாழ்கிறவர்களுக்கான என்ஆர்இ, என்ஆர்ஓ வங்கிக் கணக்கு இருந்தால் சிங்கப்பூர், அமீரகம், சவுதி, கத்தார், ஓமான் எண்களிலேயே யுபிஐ வைத்துக்கொள்ள வழியுண்டு. அதை ஊருக்கு வருமுன் முடித்துவிடுங்கள். டிக்கெட்டின் க்யூஆரைத் தங்கும் இடத்திலேயே படமாகச் சேமித்துக்கொள்ளுங்கள். கூட்டம் சேர்ந்த பிறகு வாசலில் நெட் வேலை செய்யும் என்று நம்ப முடியாது.

எழும்பூரிலிருந்து மெட்ரோவில் அடுத்த நிறுத்தம் சென்ட்ரல். அங்கிருந்து பெரியமேடு பக்கம் ஜவஹர்லால் நேரு ஸ்டேடியத்துக்கு ஆட்டோவில் சிறிது தூரம்தான். இருக்கையைத் தேர்ந்தெடுப்பதுதான் முக்கியமான காரியம். இது ஓட்டப்பந்தயத் தடமும் சேர்ந்த மைதானம். முன்வரிசை விலை கூடினாலும் புல்தரையிலிருந்து தள்ளித்தான் இருக்கும். தாழ்வாகவும் இருப்பதால் எதிர்ப் பக்கத்தில் பந்து போனால் பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது. நடுக்கோட்டுக்கு நேராக, பாதி உயரத்துக்கு மேலே எடுங்கள். ‘பி ஸ்டாண்ட் ப்ளூஸ்’ என்ற சென்னை அணி ரசிகர் குழு கூடும் பகுதி ஆட்டம் முழுக்க நின்றபடி மேளமும் பாட்டுமாக இருக்கும். பெரியவர்களுக்கு அருமையான இடம், சின்னப் பிள்ளைக்கு முன்னால் நிற்கிறவர் முதுகு மட்டும்தான் தெரியும். காதில் வைக்கப் பஞ்சு கொண்டுபோங்கள்.

தண்ணீர் பாட்டில், பவர் பேங்க், பெரிய பை எல்லாவற்றையும் வாசலில் தடுப்பார்கள். அதனால் பிள்ளைக்கு முன்னாலேயே வயிறு நிறையக் கொடுத்துவிடுங்கள். ஆச்சி கட்டிக்கொடுத்த மிளகாய்ப்பொடி இட்லி ரயிலோடு தீரட்டும். கழிப்பறைக்கு 40-ஆவது நிமிடத்திலேயே கூட்டிப்போங்கள், இடைவேளை விட்டதும் வரிசை நீண்டுவிடும்.

ரயிலில் சொல்ல ஒரு கதை இருக்கிறது. 1889-இல் தொடங்கிய இந்த மோகன் பகான், 1911 ஜூலை 29 அன்று கல்கத்தாவில் ஐஎஃப்ஏ ஷீல்டு என்ற கால்பந்துப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் ஈஸ்ட் யார்க்ஷயர் ரெஜிமென்ட் என்ற பிரிட்டிஷ் ராணுவ அணியை 2-1 என்று வென்றது. பதினொரு பேரில் பூட்ஸ் போட்டிருந்தவர் ஒருவர்தான், மற்றவர்கள் வெறுங்கால். இதைக் கேட்டுவிட்டு வரும் பிள்ளை, எதிரணியின் பச்சை, மெரூன் சட்டைகள் வரிசையாக மைதானத்துக்குள் இறங்கும்போது இருக்கையை விட்டு எழுந்துவிடும்.