முதல் பழைய வண்டி: காஸ்ட் அயர்ன் புல்லட்டா, மைசூர் யெஸ்டியா?

பழைய வண்டி ஒன்றை எடுத்து, கையாலேயே சரிசெய்து ஓட்ட வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றின் முன்னால்தான் வந்து நிற்கிறார்கள். ஒன்று, திருவொற்றியூரில் செய்த, காஸ்ட் அயர்ன் (வார்ப்பிரும்பு) சிலிண்டர் உள்ள புல்லட் 350. இன்னொன்று, மைசூரில் செய்த ஜாவா அல்லது யெஸ்டி 250. யமஹா ஆர்எக்ஸ் 100-ஐயும் பலர் கேட்கிறார்கள். நல்ல வண்டிதான். ஆனால் அதன் விலை இப்போது ஏறிக் கிடக்கிற ஏற்றத்துக்கு, கை பழகுவதற்கென்று எடுக்கும் வண்டியாக அதை நான் சொல்ல மாட்டேன்.

இந்த இரண்டையும் பிரித்துக் கோத்திருக்கிறேன். முதலில் அப்பா ஓட்டிய புல்லட். மூன்று வருஷம் கழித்து, பெரியப்பா வீட்டு மாட்டுக் கொட்டகையில் வைக்கோலுக்கு அடியில் கிடந்த ஒரு யெஸ்டி. எது அழகு, எதன் சத்தம் இனிமை என்பதெல்லாம் அவரவர் மனசு. கோளாறு வந்தால் எந்த வண்டி எங்கே வலிக்கிறது என்று நமக்குச் சொல்லும் என்பதை மட்டும் வைத்து இந்த இரண்டையும் பார்க்கிறேன்.

புல்லட்டின் இன்ஜின் 346 சிசி, நான்கு ஸ்ட்ரோக். போர் 70 மி.மீ., ஸ்ட்ரோக் 90 மி.மீ. சென்னையில் 1955-ல் என்ஃபீல்ட் இந்தியா தொடங்கியதிலிருந்து 2010 வாக்கில் அந்த இன்ஜினை நிறுத்தும்வரை அடிப்படை அமைப்பு பெரிதாக மாறவில்லை. அதனால் இன்றைக்கும் சென்னை ஜி.பி. ரோட்டில் ஒரு நடை நடந்தால் டேப்பட் முதல் டைமிங் கியர் வரை கையில் கிடைக்கும். பழையது போதும் என்றால் புதுப்பேட்டை இருக்கிறது. மைசூரின் ஐடியல் ஜாவா 1961-ல் உற்பத்தியைத் தொடங்கி 1996-ல் கதவை மூடியது. அதன் வண்டிகளுக்கு யெஸ்டி என்ற பெயர் எழுபதுகளில் வந்தது. 2018-க்குப் பிறகு ஜாவா என்ற பெயரில் வருகிற புது வண்டிகளின் பாகம் எதுவும் பழையதற்குப் பொருந்தாது. யெஸ்டிக்கும் உதிரி கிடைக்கிறது, ஆனால் தேடித் தேடி வாங்க வேண்டும். சில பாகங்களில் தரம் கடைக்குக் கடை மாறும்.

நெருப்பு இரண்டிலும் ஒரே மாதிரி

இந்த இரண்டு வண்டிகளிலும் நீங்கள் பார்க்கப்போகிற கோளாறில் பாதி பிளாட்டினத்தில்தான் (மூடித் திறந்து பிளக்குக்குப் பொறி வரவைக்கும் கான்டாக்ட் முனைகள்) இருக்கும். புல்லட்டில் அது சிலிண்டருக்குப் பின்னால் வட்ட மூடிக்குள் இருக்கிறது. யெஸ்டியில் வலது பக்க கவரைக் கழற்றினால் டைனமோவோடு சேர்ந்து தெரியும். இடைவெளி 0.35-லிருந்து 0.40 மி.மீ. ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்துப் பாருங்கள், பிளேடை வைத்து மதிப்புப் போடாதீர்கள்.

காலையில் ஒரே கிக்கில் எழும்பும், பத்துப் பதினைந்து கிலோமீட்டர் போனதும் நின்றுவிடும், அரை மணி நேரம் ஆறவிட்டால் மறுபடி கிளம்பும். இந்தப் புகார் வந்தால் உடனே கார்ப்பரேட்டரைப் பிரிக்கப் போகாதீர்கள். முதலில் பெட்ரோல் டேங்க் மூடியைத் திறங்கள். உஸ்ஸென்று காற்று இழுத்தால் மூடியின் துவாரம் அடைத்திருக்கிறது, அவ்வளவுதான். அது இல்லையென்றால் பிளாட்டின மூடியைக் கழற்றி, இக்னிஷனைப் போட்டு, ஒருவரை மெல்ல கிக்கரை மிதிக்கச் சொல்லிப் பாருங்கள். முனைகளுக்கு நடுவே தடித்த மஞ்சள் பொறி பளிச்சென்று தெரிந்தால் கண்டென்சர் போய்விட்டது. முனைகள் கருத்துக் குழி விழுந்திருப்பதும் அதே அடையாளம். அதுவும் சரியாக இருந்தால் அப்புறம் இக்னிஷன் காயில். சூட்டில் மட்டும் படுத்துக்கொள்ளும் காயில்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

டைமிங் (பொறி விழும் நேரம்) வைப்பதில் புல்லட்டுக்கு ஒரு வசதி உண்டு, மின்னோட்டத்தை முள்ளால் காட்டும் ஆம்ப் மீட்டர். சாவியைப் போட்டுக் கிக்கரை மெல்லத் தள்ளினால், பிளாட்டினம் மூடியிருக்கும்போது முள் மைனஸ் பக்கம் சாயும். திறந்த கணத்தில் நடுவுக்குத் திரும்பும். சிகரெட் பெட்டிக்குள் வரும் மெல்லிய தாளை முனைகளுக்கு நடுவே வைத்து இழுத்துப் பார்க்கும் பழைய முறையும் இருக்கிறது. இரண்டும் ஒத்துப்போனால் கணக்குச் சரி. டைமிங் முன்னால் ஓடியிருந்தால் புல்லட்டின் கிக்கர் திருப்பி அடிக்கும். கணுக்காலே பெயர்ந்துவிடும் அளவுக்கு அடிக்கும். டீகம்ப்ரசரை (சிலிண்டர் அழுத்தத்தை விடுவிக்கும் லீவர்) பிடித்து பிஸ்டனைக் கம்ப்ரஷன் தாண்டி ஒரு விரல்கடை இறக்கி, முள் நடுவில் நிற்கும்போது மிதிக்கப் பழகினால் அந்தப் பயம் போய்விடும்.

புல்லட்டின் வியாதி ஆயிலில்

புல்லட்டின் கன்ராடில் (பிஸ்டனையும் கிராங்க்கையும் இணைக்கும் தண்டு) பெரிய முனையில் இருப்பது ரோலர் பேரிங் இல்லை, மிதக்கும் புஷ். ஆயில் ஒழுங்காகப் போனால் பல வருஷம் உழைக்கும். ஆயில் நின்றால் சில நிமிடத்தில் தேய்ந்துவிடும். அந்த ஆயில் கிராங்குக்குள் போகும் வழியில், டைமிங் கவரில், சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு சின்னக் கார்க் சீல் இருக்கிறது. எதற்காகக் கவரைத் திறந்தாலும் சரி, அந்தக் கார்க்கை மாற்றாமல் மூடக் கூடாது. பழைய கார்க் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். அமுக்கிப் பார்த்தால் உயிர் இருக்காது, பழைய புளிக் கொட்டை மாதிரி கெட்டித்திருக்கும். கவரை மூடியதும் பம்புக்கு ஆயில் ஏற்றிவிட்டுத்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

ரொம்ப நாள் நின்ற புல்லட் கிளம்பியதும் நீலப் புகை கக்கினால் ரிங் போய்விட்டது என்று பயப்பட வேண்டாம். ஆயில் அறையில் இருந்த ஆயில் மெல்லக் கசிந்து கிராங்க் அறைக்குள் இறங்கியிருக்கும். வாத்து அலகு போலிருக்கும் ரப்பர் பிரீதர் வழியாகவும் அது பீய்ச்சும். கீழே இருக்கும் பிளக்கைத் திறந்து வடித்துவிட்டு, சரியான அளவு ஊற்றிக் கிளப்புங்கள். பத்து கிலோமீட்டர் ஓடியும் புகை நிற்கவில்லை என்றால்தான் ரிங்கையும் வால்வ் கைடையும் சந்தேகப்பட வேண்டும். அதையும் இன்ஜினை சேசிஸிலிருந்து இறக்காமலேயே, ஹெட்டையும் பேரலையும் கழற்றிப் பார்த்துவிடலாம். எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போதுமாக இருந்தது.

யெஸ்டியின் வியாதி காற்றில்

யெஸ்டி 250-இல் வால்வ் இல்லை, புஷ் ராட் இல்லை, ஆயில் பம்ப் இல்லை. 65-க்கு 75 மி.மீ. அளவில் ஒரே சிலிண்டர், இரண்டு சைலன்சர். கியர் போடுகிற லீவரே கிக்கராகவும் மாறும். பார்த்தால் இதைவிட எளிமையான இன்ஜின் கிடையாது. ஆனால் டூ ஸ்ட்ரோக்கில் கிராங்க் அறையே பம்ப். அது துளிக் காற்றுக்கூடப் புகாமல் மூடியிருந்தால்தான் வண்டி வண்டியாக இருக்கும்.

என் யெஸ்டி ஸ்லோ ஸ்பீடில் நிற்காது. ஒரு நேரம் தானாக ஏறும், ஒரு நேரம் அணைந்துவிடும். கார்ப்பரேட்டரை மூன்று முறை கழுவினேன், ஜெட் மாற்றினேன், ஊசியை மேலும் கீழுமாக வைத்துப் பார்த்தேன். ஒரு மாதம் இப்படியே போயிற்று. பக்கத்து ஊரின் வயதான மெக்கானிக் ஒருவர், சத்தத்தைக் கேட்டதுமே, “ஏர் இழுக்குது தம்பி, சீலைப் பாரு” என்றார். கிராங்க் முனைகளில் காற்றை அடைக்கும் ரப்பர் வளையம்தான் சீல். கார்ப்பரேட்டர் வாயையும் சைலன்சர் வாயையும் ரப்பர் வைத்து அடைத்து, டைனமோவைக் கழற்றி, பிளக் துவாரம் வழியே சைக்கிள் பம்பால் காற்று ஏற்றினோம். 5, 6 பிஎஸ்ஐ போதும், அதிகம் போனால் சீலே கிளம்பிவிடும். வலது பக்கக் கிராங்க் முனையைச் சுற்றிச் சோப்புத் தண்ணீரைத் தடவியதும், பால் பொங்குகிற மாதிரி நுரை எழும்பி வந்தது. (ஓடும் இன்ஜினில் தீப்பற்றும் கிளீனரை அடித்துச் சோதிக்கச் சொல்வார்கள். வலது பக்கம் பிளாட்டினம் பொறி விடுகிற இடம். அங்கே அதைச் செய்யவே செய்யாதீர்கள்.)

இடது பக்க சீல் போனால் அடையாளம் வேறு. கிளட்ச் அறையிலிருந்து கியர் ஆயிலைக் கிராங்க் இழுத்துக்கொள்ளும். தரையில் ஒரு சொட்டு ஒழுகியிருக்காது, ஆனால் ஆயில் குறைந்துகொண்டே வரும், வெள்ளைப் புகை நிற்காது, பிளக் கறுத்து நனைந்தே இருக்கும்.

கஷ்டம் என்னவென்றால், முழு வேலைக்கு இன்ஜினை இறக்கி, கிராங்க் கேஸை இரண்டாகப் பிரிக்க வேண்டியிருக்கிறது. பிரித்தபின் பேரிங், சீல் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றுவதுதான் புத்திசாலித்தனம். கன்ராடும் ஆடினால் கிராங்க்கைப் பிரஸ்ஸில் பிரித்துச் சேர்த்து நேராக்க வேண்டும். எனக்கு அடி விழுந்தது இங்கேதான். ஒரு லேத் பட்டறையில் கொடுத்து, நேராக்கியாயிற்று என்ற வார்த்தையை நம்பிக் கோத்துவிட்டேன். நாற்பதைத் தொட்டதும் கால் வைக்கும் கம்பி அதிர்ந்தது. மறுபடி இறக்கி டயல் கேஜில் (கோணலை முள்ளால் காட்டும் கருவி) வைத்தால் 0.15 மி.மீ. கோணல். 0.03-க்குள் இருக்க வேண்டியது. இரண்டு மாத உழைப்பு அப்படியே வீண். டயல் முள்ளைக் கண்ணால் பார்க்காமல் கிராங்க்கை வாங்கி வராதீர்கள்.

பெயின்ட், குரோம் பற்றி எனக்கு உறுதியான கருத்து ஒன்று உண்டு. புல்லட் டேங்கில் இருக்கும் தங்க நிறக் கோடு கையால் வரைந்தது. தேய்ந்திருந்தாலும் ஒரிஜினல் கோடு இருந்தால் சுரண்டாதீர்கள், மெழுகு போட்டுக் காப்பாற்றுங்கள். ஜாவா டேங்கின் பக்கவாட்டுக் குரோம் செத்திருந்தால், செம்பு, நிக்கல், அதன்மேல் குரோம் என்று மூன்றும் போடுகிறவரிடம் கொடுங்கள். செலவு கூடும், ஆனால் நேராகக் குரோம் போட்டது ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது. இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் வருவதால், இரண்டு வண்டிகளிலும் பழைய ரப்பர் டியூபையும் பெட்ரோல் டேப்பின் கார்க்கையும் மாற்றிவிடுங்கள். ஒரு மாதம் நிற்கப்போகிறது என்றால் டேங்கை வடித்துவிடுவது நல்லது.

ஆர்சி புத்தகத்தில் உள்ள இன்ஜின், சேசிஸ் எண்கள் வண்டியோடு ஒத்துப்போகவில்லை என்றால், வண்டி எவ்வளவு பிடித்திருந்தாலும் விட்டுவிடுங்கள். 50 வயது தாண்டி, மாற்றம் செய்யாமல் இருக்கும் வண்டியை 2021 விதிப்படி விண்டேஜாகப் பதியலாம். முதல் பதிவுக்கு 20,000 ரூபாய். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியைத் தினசரி ஓட்ட முடியாது. ஓட்டத்தான் வண்டி என்றால் சாதாரணப் பதிவைப் புதுப்பித்துக்கொள்வதே வழி.

என் முடிவு: முதல் வண்டி புல்லட். அதன் கோளாறு வெளியே தெரியும், காதில் கேட்கும், ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். யெஸ்டியை இரண்டாவதாக எடுங்கள். அல்லது, டயல் கேஜை உங்கள் முன்னால் வைத்துக் காட்டுகிற கிராங்க்காரர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் முதலிலேயே எடுங்கள். ஒருமுறை காற்றுப் புகாமல் மூடிவிட்டால், அப்புறம் சைலன்சருக்குள் இருக்கும் பேஃபிள் குழாயில் கரி எடுப்பதைத் தவிர அதில் பெரிய வேலை இருக்காது.

வாங்கப் போகும்போது புல்லட் என்றால் ஓடவிட்டு ஆயில் மூடியைத் திறந்து, உள்ளே ஆயில் நின்று நின்று திரும்பி வந்து விழுகிறதா என்று பாருங்கள். விழவில்லை என்றால் உடனே அணைத்துவிடுங்கள். யெஸ்டி என்றால் நன்றாகச் சூடானதும் ஆக்ஸிலரேட்டரை ஒரு முறுக்கு முறுக்கிச் சட்டென்று விடுங்கள். சத்தம் இறங்காமல் மேலேயே தொங்கிக்கொண்டு நின்றால், கிராங்க் கேஸ் பிரிக்கும் செலவைக் கழித்துக்கொண்டு விலை பேசுங்கள்.