நயினாதீவா, நெடுந்தீவா: ஒரே நாள் கையில் இருந்தால்

வெளிநாட்டுச் சொந்தக்காரர் யாழ்ப்பாணம் வந்தால் எந்தத் தீவுக்குப் போகலாம் என்றுதான் முதலில் கேட்பார்கள். நயினாதீவு, நெடுந்தீவு இரண்டுக்கும் குறிகட்டுவான் இறங்குதுறையில்தான் படகு.

நயினாதீவுக்குக் கால் மணி நேரம் போதும். நாகபூசணி அம்மனைக் கும்பிட்டு, அமுதசுரபி மண்டபத்தில் மத்தியானச் சோறு சாப்பிட்டு, நாகவிகாரை என்கிற புத்த கோயிலையும் பார்த்துவிட்டுப் பின்னேரத்துக்குள் வீடு வந்துவிடலாம். அம்மம்மாவைக் கூட்டிப் போவதென்றால் இதுதான் சரி.

ஆனால் என்னைக் கேட்டால் நெடுந்தீவு. படகில் ஒரு மணி நேரம், அலை அடித்தால் வயிற்றைப் பிரட்டும், அது உண்மை. இறங்கியதும் ஓட்டோ பிடியுங்கள், நடந்து முடிக்கிற தீவல்ல. சாந்து பூசாமல் பவளக்கல்லை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய மதில்கள் வழி நெடுக வரும். கிட்டப் போய் ஒரு கல்லைத் தடவிப் பாருங்கள், பூப்பூவாகப் பவளத்தின் தடம் விரலில் படும், எனக்கு அதை விட்டு நகரவே மனம் வராது. பெருக்க மரம் என்கிற பாவோபாப் மரத்துப் பொந்துக்குள் ஆளே நுழையலாம். ஒல்லாந்தர் கோட்டை இடிபாடு, வெட்டையில் மேயும் குதிரைகள், எல்லாம் உண்டு.

வெயில் கடுமை, தண்ணீர்ப் போத்தலும் தொப்பியும் கட்டாயம். திரும்பும் கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று இறங்கும்போதே கேட்டு வையுங்கள்.